வீடு தேடும் படங்கள்: அதிகம் பேர் பார்க்காமல் விட்டவை பற்றிப் பேசலாம்

கொத்தனார் மகன் எழுதியது:

வணக்கம். இங்கே பல வருடமாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன், எழுதியது குறைவு. போன வாரம் வீடு மாறினோம். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் இது ஐந்தாவது வாடகை வீடு. சாமானெல்லாம் இறக்கிப் போட்ட இரவு, கட்டிலைப் பூட்டத் தெம்பில்லாமல் பாயை விரித்துப் படுத்தோம். பிள்ளைகள் தூங்கிய பிறகு போனில் ‘டூலெட்’ படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். முதல் முறை தியேட்டரில் பார்த்தபோது நல்ல படம் என்று தோன்றியது. இந்த முறை, பெட்டி படுக்கைக்கு நடுவில் படுத்துக்கொண்டு பார்த்தபோது, நெஞ்சை அடைத்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒளிப்பதிவாளர் செழியன் இயக்கிய முதல் படம். 2017ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம். தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். கதை நடப்பது 2007 சென்னையில், ஐடி கம்பெனிகள் பெருகி வாடகை எகிறிய நேரம். சினிமாவில் எப்படியாவது மேலே வந்துவிடலாம் என்று இருக்கும் இளங்கோ, மனைவி அமுதா, ஒரு சின்னப் பையன். முப்பது நாளில் காலி பண்ணுங்கள் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிடுகிறார். முப்பது நாளும் வீடு தேடுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

பின்னணி இசை கிடையாது. எப்போது அழ வேண்டும், எப்போது பயப்பட வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தர யாருமில்லை. வீட்டுக்குள் கேட்கும் சத்தமும் தெருச் சத்தமும்தான். ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். இவர்கள் இன்னும் காலி செய்யவில்லை, அதற்குள் அடுத்து குடிவர நினைக்கிறவர்கள் வீடு பார்க்க வந்துவிடுகிறார்கள். குடியிருக்கும் பெண் தன் வீட்டிலேயே ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கும் போன மாதம் இதே நடந்தது. வந்தவர்களில் ஒருவர் கேட்காமல் அலமாரியைத் திறந்து ஆழம் எவ்வளவு என்று பார்த்தார். உள்ளே என் மனைவியின் புடவைகள். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் வீடு தேவை. என் மனைவி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

வீடு, நிலம், கூலி, சோறு இவற்றை மட்டும் வைத்து எடுத்த படங்களையும் தொடர்களையும் பற்றி இங்கே பேசலாமா? பெரிய நடிகர் கிடையாது, போஸ்டர் நான்கு நாள்கூட ஒட்டியிருக்காது, ஆனால் பார்த்தவர்களுக்கு மறக்காது, அந்த மாதிரிப் படங்கள். என் முதல் பரிந்துரை ‘டூலெட்’. இரண்டாவது பாலு மகேந்திராவின் ‘வீடு’. அதைப் பற்றி அப்புறம் விரிவாக எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.


உறையூர் ஜன்னல் எழுதியது:

அண்ணா, அந்த அலமாரி விஷயம் படித்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

நான் தனியாக இருக்கும் பெண். வங்கி வேலை. மூன்று ஊரில் வீடு தேடியிருக்கிறேன். முதல் கேள்வி ‘யார் யார் இருப்பீர்கள்’. இரண்டாவது கேள்வி கறி சமைப்பீர்களா. மூன்றாவது கேள்வியை நேராகக் கேட்க மாட்டார்கள். சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்து வருவார்கள். ‘டூலெட்’டில் இந்தக் கேள்விகள் எல்லாம் வருகின்றன. வில்லன் என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் தங்களுக்கு நியாயம் என்று படுவதைத்தான் கேட்கிறார்கள். அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

ஷீலா ராஜ்குமார் அதில் நடித்தது போல நடிப்பது சுலபமில்லை. கணவன் மேல் கோபம், பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்ற கவனம், வீட்டுக்காரம்மா முன்னால் பணிவு, மூன்றும் ஒரே முகத்தில் வந்து போகும்.


ராத்திரி ஷோ எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்லலாம் என்றால் சொல்கிறேன். யாரையும் புண்படுத்த இல்லை.

‘டூலெட்’ நானும் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் ஏறி இரவு வீட்டுக்கு வருகிறவன் நான். வாடகை, பால் கணக்கு, பள்ளிக்கூட பீஸ் இதெல்லாம் நாள் முழுக்க மண்டைக்குள் ஓடுகிறது. ராத்திரி படம் போட்டாலும் அதையே பார்க்க வேண்டுமா? இந்த மாதிரிப் படங்கள் வெளிநாட்டு விழாவில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக எடுக்கப்படுகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நம் கஷ்டம் அவர்களுக்குப் புதுசு, நமக்குப் பழசு. அப்புறம், ரொம்ப மெதுவாகப் போகின்றன. ஒருவர் டீ குடிப்பதைக் குடித்து முடிக்கும்வரை காட்டுகிறார்கள்.


கொத்தனார் மகன் எழுதியது:

ராத்திரி ஷோ, நீங்கள் சொல்வது நியாயமான கேள்வி. எட்டு மணி ஷிப்ட் பார்க்கிறவரிடம் ‘நல்ல படம், பொறுமையாகப் பாருங்கள்’ என்று நான் உபதேசம் செய்ய முடியாது. அந்த ‘மெதுவாக’ என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதற்கு ‘வீடு’ படத்துக்குப் போக வேண்டும்.

1988இல் வந்த படம். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கித் தந்தது. சுதா ஆபீஸ் வேலை பார்க்கும் பெண். ஒரு தங்கை, பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. தாத்தாவிடம் கொஞ்சம் மனை இருக்கிறது. சரி, கட்டிவிடலாம் என்று இறங்குகிறாள். லோன், காண்டிராக்டர், அனுமதி, மழை, பணத் தட்டுப்பாடு. ஒரு பாட்டுகூட இல்லை.

என் அப்பா நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். பள்ளி லீவில் நானும் அவரோடு போய்ச் செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்தப் படத்தை என்னால் கதையாக மட்டும் பார்க்க முடியாது. காண்டிராக்டர் ஏமாற்றுவதை அதில் காட்டுவார்கள். வேலை நடக்கும் இடத்தில் ஏமாற்று என்பது கத்தியைக் காட்டிப் பணம் பறிப்பது கிடையாது, மூட்டைக் கணக்குதான். செங்கல் கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு கலவை என்று பேசியிருப்பார்கள். ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல். அதை ஒன்றுக்கு எட்டாக ஆக்கினால் அன்றைக்கு யார் கண்ணுக்கும் தெரியாது. சுவர் நேராகத்தான் நிற்கும். ஐந்து வருடம் கழித்துக் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது மணல் பொலபொலவென்று கொட்டும். மிச்சம் பிடித்த மூட்டை என்றைக்கோ வேறு வேலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வீட்டுக்காரருக்கு இது தெரிய ஒரே வழி, அங்கே வேலை பார்க்கும் யாராவது சொன்னால்தான்.

படத்தில் அதைச் சொல்வது மங்கம்மா என்ற சித்தாள். ‘பசி’ சத்யா நடித்திருக்கிறார். சொன்னால் தன் கூலி போகும் என்று தெரிந்தே சொல்கிறாள். காண்டிராக்டர் போன பிறகு வேலையை இழுத்துச் செல்வதும் அவள்தான். தமிழ் சினிமாவில் சித்தாள் என்றால் தலையில் சட்டியோடு பாட்டுக்குப் பின்னால் நடந்து போகிறவர். அவளுக்கு ஒரு கட்டடத்தைப் பற்றிக் கருத்து இருக்கும், வேலை தெரியும் என்று காட்டிய படம் எனக்குத் தெரிந்து இது.

இப்போது உங்கள் டீ விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் தாத்தா தனியாகக் கிளம்பிப் போய், பாதியில் நிற்கும் வீட்டைப் பார்ப்பார். சொக்கலிங்க பாகவதர், பழைய நாடக நடிகர். உள்ளே நடப்பார், சுவரைத் தொடுவார், நிற்பார். வசனம் இல்லை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் வந்த இசையைத்தான் இந்தப் படத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் காட்சியை வெட்டிச் சுருக்கி ‘தாத்தா வீடு பார்த்தார்’ என்று பத்து வினாடியில் முடித்திருக்கலாம். முடித்திருந்தால் நமக்குச் செய்தி கிடைத்திருக்கும், தாத்தா கிடைத்திருக்க மாட்டார். அந்த வயசுக்காரர் தன் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகும். நான் பார்த்திருக்கிறேன். அப்பா கட்டி முடித்த வீடுகளில் பால் காய்ச்சும் அன்றைக்கு வயசானவர்கள் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரில் கை வைப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

தாத்தாவுக்கு அதன்பிறகு என்ன ஆகிறது என்று சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் பாருங்கள்.


கல்லடிப் பாலம் எழுதியது:

கொத்தனார் மகன், நான் மட்டக்களப்பு. பாலு மகேந்திரா பிறந்த அமிர்தகழி எங்கட பக்கம்தான். ‘வீடு’ பற்றிக் கதைக்கும்போது ஒரு விசயம் சொல்லாமல் விடக் கூடாது. அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அவருடைய அம்மா ஒரு வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். அந்த வேலை தொடங்கிய பிறகு அம்மாவின் குணமே மாறிப்போனதாகவும், அதுதான் மனதில் கிடந்து பின்னாளில் இந்தப் படமாக வந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். சென்னையில் நடக்கும் கதை என்றாலும் அதற்குள் இருக்கிற அந்தப் பதற்றம் எங்கட ஊர் அம்மா ஒருவருடையது.

எங்கட ஆட்களுக்கு வீடு என்றால் வேற அர்த்தமும் உண்டு. கட்டி, விட்டுப்போட்டு ஓடி, திரும்பி வந்து கூரை இல்லாத சுவரைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனாலோ என்னவோ, அந்தத் தாத்தா சுவரைத் தொடுகிற இடம் எனக்கு வேற மாதிரித் தெரியும்.

இலங்கைத் தமிழ்ப் படம் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகிறேன். ‘பொன்மணி’, 1977. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர், யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர். சீதனம் இல்லாமல் வீட்டில் இருக்கிற பெண்கள், சாதி, இதுதான் கதை. அந்த நேரம் படம் ஓடவில்லை. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துப் போன சனத்துக்கு அது பிடிபடவில்லை. இப்போது பார்த்தால் அந்தக் கால யாழ்ப்பாணத்து வீடும் வளவும் கடற்கரையும் அப்படியே இருக்கின்றன. அதிலே கண்ட பல இடங்கள் இன்றைக்கு இல்லை.


தேவாரம் தெக்குத் தெரு எழுதியது:

இந்த இழையில் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இன்னும் வராததே எனக்கு ஆச்சரியம். 2018 ஆகஸ்டில் வந்தது. லெனின் பாரதி இயக்கம், விஜய் சேதுபதி தயாரிப்பு, இளையராஜா இசை, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். தயாரித்தவர் அதில் நடிக்கவில்லை. நடித்திருந்தால் இன்னும் நாலு வாரம் ஓடியிருக்கும், ஆனால் படம் கெட்டிருக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் மலையேறுகிறவர்கள் கதை. கீழே தேனி மாவட்டம், மேலே கேரளத்து ஏலத்தோட்டங்கள். ரங்கசாமி மூட்டை சுமந்து மலை ஏறி இறங்குகிறவன். அவனுக்கு ஒரே ஒரு ஆசை. கையகலமானாலும் சொந்தமாக ஒரு நிலம். படம் முழுக்க அவன் அதைத் தேடி நடக்கிறான். அவன் நடக்கிற நடையைப் பாருங்கள். ஏறும்போது மூச்சை எங்கே பிடிக்க வேண்டும், எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்பது தெரிந்த நடை. என் பெரியப்பா ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். கீழே இறங்கிய பிறகும் சமதரையில் முன்னால் குனிந்துதான் நடப்பார். சாகும்வரை அப்படித்தான் நடந்தார்.

சேர்த்த காசையெல்லாம் போட்டு ஏலக்காய் வாங்கிச் சுமந்து வருவான். மூட்டை கைவிட்டுப் போய் அத்தனையும் மலையில் சிதறும். ஒரு ஏழையின் சேமிப்பு உருண்டு போவதை வசனமே இல்லாமல் காட்டியிருப்பார்கள். தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ‘ஐயோ, பொறுக்குடா பொறுக்குடா’ என்று வாய்விட்டுச் சொன்னார்.

கடைசி ஷாட்டைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், அதனால் மறைக்க அவசியமில்லை. அவன் நிலம் காற்றாலைக் கம்பெனிக்குப் போய்விட்டது. அதே நிலத்தில் அவன் காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே போகப் போக காற்றாடிகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன, அவன் புள்ளியாகிவிடுகிறான். எங்கள் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் காற்றாடியைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டும். நானும் தட்டியிருக்கிறேன். படம் பார்த்த பிறகு, ஒவ்வொன்றின் அடியிலும் யாருடைய காடு இருந்தது என்றுதான் தோன்றுகிறது.


ராத்திரி ஷோ எழுதியது:

சரி. ஒத்துக்கொள்கிறேன், ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை நேற்று போட்டேன், நிறுத்தவில்லை. ஏலக்காய் சிதறும் இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ‘டூலெட்’ என்னை மூச்சு முட்ட வைத்தது, இந்தப் படம் அப்படிச் செய்யவில்லை. மலை, காற்று, டீக்கடைப் பேச்சு, சிரிப்பு எல்லாம் இருக்கிறது. கஷ்டப்படுகிறவர்கள் நாள் முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பதில்லை என்பது இதை எடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. விழாவுக்காக எடுக்கிறார்கள் என்று சொன்னதை இந்தப் படத்தைப் பொறுத்தவரை திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆனால் இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வாய்க்கிறது. தொடர் எதாவது சொல்லுங்களேன். ஒரு அத்தியாயம் பார்த்துவிட்டுத் தூங்குகிற மாதிரி.


உறையூர் ஜன்னல் எழுதியது:

தொடர் என்றால் என் முதல் ஓட்டு ‘அயலி’க்கு. 2023 ஜனவரியில் ஜீ5இல் வந்தது, எட்டு அத்தியாயம், முத்துக்குமார் இயக்கம். வீரப்பண்ணை என்ற ஊர். வயசுக்கு வந்துவிட்டால் பெண்ணைப் படிக்க அனுப்ப மாட்டார்கள், உடனே கல்யாணம். அயலி ஊரின் தெய்வம். அந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் கட்டுப்பாடு. தமிழ்ச்செல்வி என்ற பெண் டாக்டர் ஆக வேண்டும் என்ற ஆசையில், வயசுக்கு வந்ததையே ஊருக்கு மறைக்கிறாள்.

கேட்டால் பாடம் நடத்துகிற கதை போலத் தோன்றும். பார்த்தால் திக்திக்கென்று இருக்கும். ஏனென்றால் ஒரு வீட்டில் அந்த விஷயத்தை மறைப்பது என்பது எவ்வளவு வேலை என்று அதில் நுணுக்கமாகக் காட்டுகிறார்கள். துணி துவைப்பது எங்கே, காயப் போடுவது எங்கே, கோயிலுக்கு வா என்றால் என்ன சொல்வது. அபி நட்சத்திராவும், அம்மாவாக வரும் அனுமோலும் சேர்ந்து வரும் காட்சிகளை என் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மா ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்டவர். காரணம் இதேதான், ஊர்தான் வேறு. நான்காவது அத்தியாயம் முடிந்ததும் எழுந்து போய் விளக்கேற்றிவிட்டு வந்து, ‘அடுத்ததப் போடு’ என்றார். வேறு எதுவும் பேசவில்லை. எட்டையும் ஒரே நாளில் முடித்தோம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பகுதியில் எல்லா முடிச்சும் கொஞ்சம் சீக்கிரமே அவிழ்கிறது. ஊர் அவ்வளவு சுலபமாக மனம் மாறாது. ஆனாலும் அந்த முடிவு எனக்கு வேண்டும்போல இருந்தது, என் அம்மாவுக்கும்.


தேவாரம் தெக்குத் தெரு எழுதியது:

ராத்திரி ஷோ, உங்களுக்கு ‘விலங்கு’ பிடிக்கும். அதுவும் ஜீ5, 2022. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கம். விமல் இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை. திருச்சிப் பக்கத்து ஸ்டேஷன், கொலை வழக்கு. துப்பறியும் கதை என்பதைவிட, ஒரு ஸ்டேஷனில் நாள் எப்படிப் போகிறது என்பதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பெரிய அதிகாரி வந்தால் யார் நாற்காலியை எடுக்கிறார், வீட்டில் மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது எஸ்.ஐ. எப்படிப் போனை எடுக்காமல் இருக்கிறார். கிச்சப்பா என்று ஒரு ஆள் வருவார், அவரைப் பற்றி யாரிடமும் முன்கூட்டியே கேட்காதீர்கள். ரத்தம் கொஞ்சம் அதிகம், பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.


கொத்தனார் மகன் எழுதியது:

தொடர் என்றால் எனக்கு இன்னும் ‘கதை நேரம்’தான். பாலு மகேந்திரா சன் டிவிக்காக எடுத்தது. தமிழ்ச் சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு ஒரு கதை, மொத்தம் 52. ஒவ்வொன்றும் இருபது நிமிஷம் அளவில். பெரும்பாலும் ஒரு வீடு, இரண்டு மூன்று பேர், ஜன்னல் வெளிச்சம். மௌனிகா பல கதைகளில் நடித்திருக்கிறார். அப்போது எங்கள் வீட்டில் டிவி இல்லை. தெருமுனையில் தையல்காரர் வீட்டுத் திண்ணையில் நின்று பார்ப்போம். மெகா தொடர் முடிந்ததும் அவர் வீட்டு அம்மா டிவியை அணைத்துவிடுவார், இதற்கு மட்டும் அணைக்க மாட்டார்.

அதில் எல்லாமே சிறந்தவை என்று சொல்ல மாட்டேன். சில அவசரமாக எடுத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு அதே நாளில் அதன் படத்தையும் பார்த்தால், எதை விட்டார், எதை வைத்தார் என்று தெரியும். நான் படிக்கிற பழக்கத்துக்கு வந்ததே அப்படித்தான். முதலில் படம், அப்புறம் நூலகத்தில் கதையைத் தேடுவது.

அவருடைய ‘சந்தியா ராகம்’ பார்த்திருக்கிறீர்களா யாராவது? 1989. கறுப்பு வெள்ளை. கலர் தாராளமாகக் கிடைத்த காலத்தில் வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ‘வீடு’ தாத்தா சொக்கலிங்க பாகவதர்தான் இதில் நாயகன். மனைவி இறந்த பிறகு ஊரை விட்டுச் சென்னையில் உறவுக்காரர் வீட்டுக்கு வருகிறார். அங்கேயும் கஞ்சிக்கு இழுபறி. ஒரு வயிறு கூடினால் அந்த வீட்டுக் கணக்கு என்ன ஆகிறது என்பதுதான் படம். ஓவியர் வீர சந்தானமும் அர்ச்சனாவும் கணவன் மனைவி. தியேட்டருக்கு வரவில்லை, தூர்தர்ஷனுக்காக எடுத்தது.


கல்லடிப் பாலம் எழுதியது:

அண்ணன், ‘சந்தியா ராகம்’ பேரைச் சொல்லி என் மனக் குறையைக் கிளறிவிட்டீர்கள். ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இவற்றின் நெகடிவ் இல்லை என்று பாலு மகேந்திரா தன் கடைசிக் காலத்தில் வருந்திச் சொன்னார். தமிழ்ப் படங்களுக்கென்று ஒரு ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2014 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் இருந்து இருக்கிறது. ஆனால் எடுக்கிற படமெல்லாம் அங்கே போய்ச் சேருவதில்லை. நெகடிவ் லேபில் கிடக்கும். வாடகை கட்ட ஆள் இல்லாமல் போகும். ஈரத்திலும் சூட்டிலும் பிலிம் புளிச்ச நாற்றம் அடித்து, சுருண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும். அதோடு சரி.

தேசிய விருது வாங்கின படத்துக்கே இந்த நிலைமை. நாங்கள் இப்போது யூடியூபில் பார்ப்பது யாரோ ஒரு காலத்தில் கேசட்டிலோ டிவியிலோ பதிந்து வைத்ததன் மிச்சம். நிறம் வெளிறி, ஓரம் வெட்டுப்பட்டு. ஆகவே யாரிடமாவது பழைய கேசட் இருந்தால் எறியாதீர்கள்.


மேலூர் ரோடு எழுதியது:

தாமதமாக வருகிறேன், எல்லாவற்றையும் படித்தேன். மூன்று படங்களைச் சேர்க்கிறேன்.

‘கூழாங்கல்’. பி.எஸ். வினோத்ராஜ். 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது. குடிகார அப்பன், பள்ளிக்கூடத்தில் இருந்து இழுத்து வரப்பட்ட மகன், கோபித்துக்கொண்டு போன மனைவியைத் தேடி இன்னொரு ஊருக்குப் போய்த் திரும்புகிறார்கள். திரும்பும்போது பஸ் காசு இல்லை, நடை. எங்கள் பக்கத்துப் பொட்டல். அந்த வெயிலை நான் தினமும் வாங்குகிறேன், திரையில் பார்த்தும் தாகம் எடுத்தது. பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்வான். நாவறட்சிக்கு நாங்களும் செய்திருக்கிறோம். அந்தப் பையனின் வீட்டில் அந்தக் கற்கள் எத்தனை இருக்கின்றன என்று காட்டும் இடம் ஒன்று உண்டு, அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவையில்லை. கடைசியில் பெண்கள் ஊற்றில் தண்ணீர் மொள்வதற்குக் காத்திருக்கிறார்கள். ஊறுவதற்கு எடுக்கும் நேரம் முழுக்க நாமும் காத்திருக்கிறோம். ராத்திரி ஷோ, அது உங்கள் டீயைவிட மெதுவாகப் போகும், ஆனால் குடம் நிறைய அவ்வளவு நேரம்தான் ஆகும் தம்பி.

‘நசிர்’. அருண் கார்த்திக், 2020. திலீப்குமார் எழுதிய சிறுகதையில் இருந்து. கோயம்புத்தூர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் நசிரின் ஒரு நாள். சேலையை விரிக்கிறார், மடிக்கிறார், சாப்பிடுகிறார், கவிதை சொல்கிறார். தெருவில் ஒலிபெருக்கி. சதுரமான படம், பழைய போட்டோ போல. அந்த நாள் எப்படி முடிகிறது என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் பெரிய சண்டை. முடிவு திடீரென்று ஒட்டவைத்தது போல இருக்கிறது என்கிறான் அவன். ஒலிபெருக்கி காலையில் இருந்தே சொல்லிக்கொண்டுதானே இருந்தது என்கிறேன் நான். நசிர் அதைக் காதில் வாங்கவில்லை, அவருடைய அன்றாட வேலை அப்படி. நாமும் வாங்கவில்லை.

‘சேத்துமான்’. இயக்கியவர் பெயரே தமிழ், பா. ரஞ்சித் தயாரிப்பு, பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதை. சோனி லிவ்வில் 2022இல் வந்தது. கூடை முடையும் தாத்தா, பேரனைப் படிக்க வைக்க வேண்டும் என்ற ஒரே ஆசை. ஒரு பன்றியைப் பங்கு போடுவதில் தொடங்கும் தகராறு. கொங்குப் பேச்சு அத்தனை அசலாகக் காதில் விழுந்து நெடுநாள் ஆகிவிட்டது.


ராத்திரி ஷோ எழுதியது:

அண்ணே, ‘கூழாங்கல்’ ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதி வைத்துக்கொண்டேன். ‘விலங்கு’ மூன்று அத்தியாயம் ஓடிவிட்டது. ‘டூலெட்’டையும் விட்ட இடத்தில் இருந்து தொடரப் போகிறேன். அந்த அலமாரி விஷயம் மண்டைக்குள்ளேயே நிற்கிறது.


கொத்தனார் மகன் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. மேலூர் ரோடு அண்ணே, ‘நசிர்’ பார்த்தேன், உங்கள் பக்கம்தான் நான்.

அப்பா ஊரில் இருந்து வந்திருக்கிறார். அவருக்கு இப்போது எழுபத்தொன்று. கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு டிவி நன்றாகத் தெரிகிறது. சனிக்கிழமை ராத்திரி அவருக்கு ‘வீடு’ போட்டுக் காட்டினேன். சினிமா அவ்வளவாகப் பார்க்க மாட்டார், பாதியில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். அஸ்திவாரம் போடும் இடம் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மங்கம்மா வந்ததும் ‘இந்தப் பொம்பளை நிஜமா சித்தாள் வேலை பார்த்தவளா’ என்று கேட்டார். இல்லை, நடிகை என்றேன். நம்பவில்லை. ‘சட்டியைத் தூக்கறப்போ இடுப்பு எங்க போகுது பாரு’ என்றார்.

மங்கம்மா போட்டுக் கொடுக்கும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். அப்போதுதான் ஒரு கதை சொன்னார், நான் கேட்டதே இல்லை. அவர் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் இப்படித்தான் ஒரு சித்தாள் வீட்டுக்காரரிடம் மூட்டைக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் அந்த அம்மாவுக்கு வேலை இல்லை. அந்த ஊரில் எந்த மேஸ்திரியும் கூப்பிடவில்லை. ‘எனக்கும் அந்தக் கணக்கு தெரியும்டா. நான் சொல்லல. நீங்க மூணு பேரும் சின்னப் புள்ளைங்க’ என்றார். நான் என்ன சொல்வது? மறுபடியும் படத்தை ஓட விட்டேன்.

தாத்தா சுவரைத் தொடும் காட்சியில் அப்பா பேசவே இல்லை. கை மட்டும் நாற்காலிக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது.

படம் முடிந்தபோது மணி பன்னிரண்டு. கடைசியில் அந்த வீட்டு விவகாரம் கோர்ட்டுக்குப் போவதோடு முடிந்துவிடும் இல்லையா, தீர்ப்பு என்ன என்று சொல்ல மாட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டார். காலையில் நான் ஆபீஸ் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்:

‘ஏம்ப்பா, அந்தப் புள்ளைக்கு வீடு கிடைச்சிருக்குமா?’